கலங்காமல் இருப்பது யாருடைய வேலை?

மார்கஸ் அரேலியஸ் இப்போது தமிழ் இளைஞர்களின் கைப்பேசிக்குள் குடியேறிவிட்டார். சுருள் தாடி வைத்த பளிங்குத் தலை, கறுப்புப் பின்னணி, கீழே இரண்டு வரி அறிவுரை, பின்னால் மெல்லிய பியானோ. அந்த ரீல் முடிந்தால் அடுத்தது கிரிப்டோ, அதற்கடுத்தது புரோட்டீன் பவுடர். ரோமாபுரியின் சக்கரவர்த்தி, சாவுக்குப் பிறகு பதினெட்டு நூற்றாண்டுகள் கழித்து, நமக்கு ஜிம் மெம்பர்ஷிப் விற்றுக்கொண்டிருக்கிறார்.

எனக்கு மார்கஸோடு சண்டை இல்லை. அவரை வாடகைக்கு எடுத்து விற்பவர்களோடுதான் சண்டை. வெற்றியில் துள்ளாதே, தோல்வியில் துவளாதே என்பது நல்ல பேச்சுதான். ஆனால் அதை யார், யாரிடம், எந்த நேரத்தில் சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஒரு நேரத்தில் அது மருந்து. இன்னொரு நேரத்தில் மயக்க ஊசி. கடந்த சில ஆண்டுகளாக ஐ.டி. அலுவலகங்களில் நமக்குப் போடப்படுவது இரண்டாவது வகை என்பது என் கட்சி.

முதலில் ஸ்டோயிக்குகளுக்கு நியாயம் செய்துவிடலாம். சரக்குக் கப்பல் கவிழ்ந்து எல்லாவற்றையும் இழந்து ஏதென்ஸுக்கு வந்து சேர்ந்த வியாபாரி என்று ஜீனோவைப் பற்றி ஒரு கதை உண்டு. பொ.ஆ.மு. 300 வாக்கில் அவர் அங்கே பாடம் சொல்ல ஆரம்பித்தார். இடம், சந்தைவெளியை ஒட்டிய ஓவியத் தாழ்வாரம். தாழ்வாரத்துக்கு கிரேக்கத்தில் ஸ்டோவா என்று பெயர். அதிலிருந்துதான் ஸ்டோயிக். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் சாவடித் தத்துவம். போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று கேட்கிற இடத்தில் பிறந்தது. இயர்போன் மாட்டிக்கொண்டு தனியாகக் கேட்பதற்காகப் பிறந்ததல்ல.

அந்த மரபின் மிகப் பிரபலமான பாடம் எபிக்டெட்டஸுடையது. அவர் அடிமையாகப் பிறந்தவர். விடுதலையான பின் ரோமில் தத்துவம் கற்பித்தார். டொமிஷியன் தத்துவவாதிகளை விரட்டியபோது கிரேக்கக் கரையில் நிக்கோபொலிஸ் என்ற ஊருக்குப் போய்ப் பள்ளி வைத்தார். நம் வசத்தில் இருப்பது எது, இல்லாதது எது என்று பிரித்துப் பார் என்பது அவருடைய முதல் பாடம். நம் தீர்ப்புகள், விருப்பங்கள், முயற்சிகள் நம் வசத்தில் உள்ளவை. உடம்பு, சொத்து, பேர், பதவி முழுக்க நம் வசத்தில் இல்லாதவை. இரண்டையும் குழப்பிக்கொள்பவன்தான் அழுகிறான்.

இது வேலை செய்கிறது. இருபதாம் நூற்றாண்டில் ஆல்பர்ட் எல்லிஸும் ஆரன் பெக்கும் சிந்தனையைத் திருத்தி மனநோயைக் குணப்படுத்தும் சிகிச்சைகளை உருவாக்கியபோது ஸ்டோயிக்குகளுக்குக் கடன்பட்டிருப்பதை ஒப்புக்கொண்டார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு புரொடக்‌ஷன் சர்வர் விழுந்தால் நானும் அதைத்தான் செய்கிறேன். லாக் என் கையில், கிளையண்டின் கோபம் என் கையில் இல்லை. ஆக, பாடம் பொய் என்று நான் சொல்லவில்லை. அது எதற்குப் பயன்படுத்தப்படுகிறது என்பதைத்தான் கேட்கிறேன்.

*

என் சித்தப்பா மகன் கன்னிவாடியில் பிறந்து, பொறியியல் படித்து, சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு கம்பெனியில் ஆறு வருஷம் இருந்தவன். ஒரு நாள் இருபது நிமிட மீட்டிங். நீயாக ராஜினாமா கொடுத்தால் அனுபவச் சான்றிதழ் சுத்தமாக இருக்கும், இல்லாவிட்டால் நாங்களே எடுப்போம், அப்புறம் உன் இஷ்டம். கையெழுத்துப் போட்டான். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் அதே கம்பெனியில் "மன உறுதி" பற்றி ஒரு ஆன்லைன் வகுப்பு நடந்திருக்கிறது. ஸ்லைடில் மார்கஸின் பளிங்குத் தலை. பேச வந்தவர் அந்த வட்டத்தையும் வரைந்து காட்டியிருக்கிறார்: உள்ளே உன் மனம், வெளியே மற்ற எல்லாம்.

பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

"எப்படா வேல போச்சு?"

"ஆடில."

"ஆறு மாசமாவா? ஏன்டா சொல்லல?"

"சொல்லி என்னண்ணே ஆகப்போகுது? அது என் கன்ட்ரோல்ல இல்ல. ரியாக்ட் பண்ணாம இருக்கறதுதான் என் கன்ட்ரோல்ல இருக்கு."

குரலில் நடுக்கமே இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. இந்த ஆறு மாதமும் காலையில் குளித்து, பை மாட்டிக்கொண்டு ரூமை விட்டு வெளியே போய்வந்திருக்கிறான். பைக் இ.எம்.ஐ.யும் ரூம் வாடகையும் வீட்டுக்கு அனுப்பிய பணமும் கடன் ஆப்புகளில் இருந்து வந்திருக்கின்றன. அவன் காத்த அமைதிக்கு ஒவ்வொரு மாதமும் வட்டி ஓடியிருக்கிறது.

அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து கடைசி செட்டில்மென்ட் கணக்கைப் பார்த்தோம். ராஜினாமா எழுதிக் கொடுக்கச் சொன்னவர்களே, நோட்டீஸ் காலம் வேலை பார்க்கவில்லை என்று சம்பளத்தைப் பிடித்திருந்தார்கள். அவன் அதையும் கேட்கவில்லை. போனது போச்சு என்ற ஞானம். ஒரே ஒரு மெயில் எழுதினோம், கோபமில்லாமல், தேதி வாரியாக. மூன்று வாரத்தில் பிடித்த பணம் வந்தது. வேலை வரவில்லை. அது வராது என்று தெரிந்துதான் எழுதினோம். ஆனால் அவனுடைய வட்டத்துக்கு வெளியே இருந்ததாக அவன் நம்பிய ஒரு பொருள் உள்ளே இருந்தது என்பது தெரிந்தது.

அந்த வட்டத்தை வரைந்து கொடுத்தது யார் என்பதுதான் கேள்வி.

*

மார்கஸின் புத்தகத்தை நாம் தியானங்கள் என்று அழைக்கிறோம். கையெழுத்துப் பிரதி மரபில் அதற்கு இருக்கும் கிரேக்கத் தலைப்பின் பொருள் "தனக்குத்தானே". 161இல் இருந்து 180 வரை ஆண்ட ஒரு மனிதர், கொள்ளைநோயும் எல்லைப் போரும் நடந்த காலத்தில், தன்னை அடக்கிக்கொள்ளத் தனக்கே எழுதிக்கொண்ட குறிப்புகள் அவை. படைவீரர்களுக்கு விநியோகித்த சுற்றறிக்கை இல்லை. கூலி குறைந்தால் கலங்காதே என்று அவர் யாருக்கும் எழுதவில்லை. கோபம் வந்தால் நாட்டையே எரித்துவிடக்கூடிய அதிகாரம் தன் கையில் இருக்கிறது, ஆகவே நான் கலங்கக் கூடாது என்பது அவருடைய கவலை.

நம் பக்கமும் இதே கதைதான். திருக்குறளில் இடுக்கண் அழியாமை 63ஆவது அதிகாரம். துன்பம் வந்தால் சிரிக்கச் சொல்கிறார் என்று மேடைக்கு மேடை அதை எடுத்துப் பேசுகிறோம். அது எந்த இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது என்று பார்ப்பதில்லை. பொருட்பாலில், அரசியல் என்ற இயலின் கடைசி அதிகாரம் அது. இறைமாட்சியில் தொடங்கி இருபத்தைந்து அதிகாரங்கள் அரசனைப் பற்றிப் பேசிவிட்டு, முடிவாகக் கலங்காமல் இரு என்கிறது நூல். எல்லோருக்கும் பொருந்தும் என்று உரைகாரர்கள் விரிக்கலாம். ஆனாலும் வைப்புமுறை வைப்புமுறைதான். கலங்காமையை முதலில் கேட்டது அதிகாரம் உள்ளவனிடம்.

அதற்கு முந்தைய அதிகாரம் என்ன? 62, ஆள்வினையுடைமை. விடாமுயற்சி. அதற்கு முன்னால் மடியின்மை, அதற்கும் முன்னால் ஊக்கமுடைமை. சோம்பாதே, முயற்சி செய், செய்ய வேண்டியதை எல்லாம் செய். அதன் பிறகும் இடி விழுந்தால் அழியாதே. வரிசை இதுதான். நம் மனிதவளத் துறைகள் 60, 61, 62 மூன்றையும் தாண்டிக் குதித்து நேராக 63இல் வந்து நிற்கின்றன. அதுவும் மேலாளருக்குச் சொல்ல வேண்டியதைத் தொழிலாளிக்குச் சொல்லிக்கொண்டு.

எனவே என் முதல் விதி: கலங்காமையைத் தனக்குச் சொல்லிக்கொண்டால் அது தத்துவம். சம்பளம் கொடுப்பவன் சம்பளம் வாங்குபவனுக்குச் சொன்னால் அது உத்தரவு. 2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம் பேரை, அதாவது 12,000 பேருக்கு மேல், குறைக்கப்போவதாக அறிவித்தது. அன்றைக்கு என் டைம்லைன் முழுக்க எபிக்டெட்டஸ். பங்குவிலை ஒரு சதவீதம் இறங்கினாலே பதறிப்போய் அறிக்கை விடும் முதலீட்டாளர்களுக்கு யாரும் எபிக்டெட்டஸ் பகிர்ந்து நான் பார்த்ததில்லை. கலங்கும் உரிமை மேலே, கலங்காமல் இருக்கும் கடமை கீழே.

*

இனி அந்த வட்டம். என் வசம், என் வசமில்லை என்று இரண்டாகப் பிரிப்பவர்கள் எல்லாம் "என்" என்ற சொல்லை ஒரு ஆளோடு நிறுத்திவிடுகிறார்கள். கன்னிவாடிக்காரனுக்கு இது எவ்வளவு தப்பு என்று புரிய மலையைப் பார்த்தால் போதும்.

எங்கள் ஊரில் நின்றால் தெற்கே பழனி மலைத்தொடர். தருமத்துப்பட்டி வழியாக ஏறினால் ஆடலூர், பன்றிமலை. அப்படியே மேற்கே தாண்டிக்குடி, பண்ணைக்காடு. காப்பித் தோட்டத்துக்கு ஊடாக மலைவாழை நிற்கிற நிலம் இது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்த விருப்பாச்சி வாழை இதுதான். 1970களில் முடிக்கொத்து நோய் வந்தது. இலைகள் குறுகி, நுனியில் கொத்தாக நிமிர்ந்து நிற்கும். மரம் தார் விடாது. வைரஸ் நோய். பரப்புவது அசுவினிப் பூச்சி, அல்லது நோய் பிடித்த மரத்தின் பக்கக்கன்று. அடுத்தடுத்த ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான ஹெக்டேரில் மலைவாழை அழிந்தது.

இப்போது ஒரு தோட்டக்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் நல்ல ஸ்டோயிக். தன் வசத்தில் இருப்பதைச் செய்கிறார். நோய் கண்ட மரத்தைக் கிழங்கோடு தோண்டி அழிக்கிறார். ஆனால் பக்கத்துத் தோட்டக்காரர் அழிக்கவில்லை. அசுவினிக்கு வேலி தெரியாது. நல்ல ஸ்டோயிக்கின் தோட்டமும் போகும். தனி ஆளாகக் கணக்குப் போட்டால் இந்த நோய் யாருடைய வசத்திலும் இல்லை. ஆகவே மனதைத் தேற்றிக்கொள்வது ஒன்றுதான் வழி என்று ஒவ்வொருவரும் மிகச் சரியாக முடிவு செய்து, எல்லோரும் சேர்ந்து அழியலாம்.

மலைவாழை முழுக்க அழியாமல் நின்றதற்குக் காரணம் இன்னொரு கணக்கு. எல்லாத் தோட்டத்திலும் நோய் மரத்தை அழிக்க வேண்டும், திசு வளர்ப்பில் எடுத்த நோயற்ற கன்றுகளை நட வேண்டும். இதற்கு ஆய்வகம் வேண்டும், வேளாண் பல்கலைக்கழகம் வேண்டும், விவசாயிகள் சங்கமாகச் சேர வேண்டும். இவை நடந்த அளவுக்குப் பயிர் திரும்பி வந்தது. 2008இல் விருப்பாச்சி மலைவாழை புவிசார் குறியீடும் பெற்றது. என் வசத்தில் இல்லாதது நம் வசத்தில் இருக்கலாம். இந்த ஒரு வாக்கியத்தை எந்த ரீலிலும் நான் கேட்டதில்லை.

ஐ.டி.யிலும் இதற்கு உதாரணம் இருக்கிறது. 2015 ஜனவரியில், பணிநீக்கக் கடிதம் பெற்ற கர்ப்பிணி ஊழியர் ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். இடைக்காலத் தடை கிடைத்தது, நிறுவனம் நீக்கத்தைத் திரும்பப் பெற்றது. 2016இல், தொழிற்சங்கச் சட்டம் ஐ.டி. ஊழியர்களுக்கும் பொருந்தும், அவர்களும் சங்கம் அமைக்கலாம் என்று தமிழக அரசு தெளிவுபடுத்தியது. அதுவும் சங்கம் கட்ட முயன்றவர்கள் கேட்டதால் வந்த தெளிவு. நம்மில் பெரும்பாலானோருக்கு இது தெரியாது. எபிக்டெட்டஸின் பிறந்த ஊர் தெரியும்.

*

இன்னொரு கூட்டமும் உண்டு. அவர்கள் ரோமுக்குப் போக மாட்டார்கள், கிராமத்துக்கு வருவார்கள். விவசாயியைப் பாருங்கள், மழை பொய்த்தாலும் சிரிக்கிறான், அவன்தான் உண்மையான ஞானி என்பார்கள். ஊரில் இருந்து வந்தவன் என்ற முறையில் இதைக் கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. ரேஷன் கடைகளில் அரசு 60 ரூபாய்க்கு விற்றது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு எங்கள் பக்கத்துப் பெட்டிகளும் போயின. அந்த நேரத்தில் காய் இருந்தவனுக்கு யோகம். விலையைப் பார்த்து நட்டவர்களின் காய் வரும்போது பறிப்புக் கூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டுப்படியாகவில்லை. சில காடுகளில் மாட்டை அவிழ்த்து விட்டார்கள். என் பெரியப்பா அந்த இரண்டு மாதமும் ஒரே முகமாக இருந்தார். உடனே அவரை நம் ஊர் செனக்கா என்று எழுதிவிடலாம். ஆனால் அவரிடமே கேட்டேன்.

"எப்படி பெரிப்பா கலங்காம இருக்கீங்க?"

"எங்கப்பா கலங்காம இருந்தேன்? தக்காளி ஒரு ஏக்கருதான். முருங்க கெடக்கு, ரெண்டு பால் மாடு நிக்கிது. அதுக பாத்துக்கிருச்சு. போன தடவ ஒரே வெள்ளாமையா போட்டப்ப உங்க பெரியம்மா தோட்ட அடகு வெச்சது ஒனக்குத் தெரியாது."

அவருடைய நிதானத்துக்கு ஒரு பெயர் முருங்கை, இன்னொரு பெயர் பால் மாடு. மனம் மட்டுமே தாங்க வேண்டியிருந்த வருஷம் அவரும் கலங்கினார். மனஉறுதி வானத்திலிருந்து வருவதில்லை. அதற்குக் கீழே ஒரு தரை வேண்டும். எபிக்டெட்டஸ் தரை இல்லாமலே நின்று காட்டினார் என்பது உண்மைதான். அது அவருடைய பெருமை. அடுத்தவன் காலுக்குக் கீழே இருக்கிற தரையைப் பிடுங்குவதற்கு அது சான்றாகாது.

தரையை அமைத்துக் கொடுப்பதும் கலங்காமையைக் கற்பிக்கும் வேலைதான். தமிழ்நாட்டில் 2017இல் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகளில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை நிறுத்தினார்கள். அதுவரை மே மாதம் வந்தால் நாளிதழின் முதல் பக்கத்தில் ஒரு பிள்ளைக்குக் கேக் ஊட்டுவார்கள், லட்சம் பிள்ளைகள் அதைப் பார்த்துச் சுருங்குவார்கள். தோற்றவர்களுக்கு உடனே துணைத்தேர்வு, ஒரு வருஷம் வீணாகாது. பதினேழு வயதுப் பிள்ளையிடம் வெற்றி தோல்வியைச் சமமாக எடுத்துக்கொள் என்று சொற்பொழிவு ஆற்றுவதைவிட, தோல்வியின் விலையைக் குறைத்தது மேலான காரியம். ஃபிளெக்ஸ் பேனர் கலாச்சாரம் இன்னும் போகவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வழி இதுதான்.

*

இதற்கு ஒரு பதில் வரும். "அப்போ எப்பவும் கொதிச்சுக்கிட்டே இருக்கணுமா பாஸ்?"

இல்லை. கொதிப்பவனால் தேதி வாரியாக மெயில் எழுத முடியாது. கலங்காத மனம் வேண்டும், ஆனால் எதற்காக? ஸ்டோயிக்குகள் நான்கு நற்பண்புகளைச் சொன்னார்கள்: விவேகம், நீதி, துணிவு, அடக்கம். இன்று விற்கப்படும் பொட்டலத்தில் துணிவும் அடக்கமும் இருக்கின்றன, கொஞ்சம் விவேகமும் இருக்கிறது. நீதியை மட்டும் வழியில் எங்கோ இறக்கிவிட்டார்கள். நீதி இல்லாத அடக்கத்துக்குத் தமிழில் வேறு பெயர் இருக்கிறது. அடிமைத்தனம்.

அமெரிக்கக் கடற்படை விமானி ஜேம்ஸ் ஸ்டாக்டேலைச் சுயமுன்னேற்றக்காரர்கள் விடாமல் மேற்கோள் காட்டுவார்கள். 1965இல் வியட்நாமில் சுட்டு வீழ்த்தப்பட்டு, ஏழு வருஷத்துக்கு மேல் சிறையில் இருந்தவர். எபிக்டெட்டஸ்தான் தன்னைக் காப்பாற்றியதாகச் சொன்னவர். அந்தப் போரின் நியாயம் வேறு விஷயம். அவர் அந்தச் சிறையில் என்ன செய்தார் என்பதை மட்டும் பாருங்கள். தனித்தனி அறைகளில் கிடந்த கைதிகள் சுவரைத் தட்டித் தட்டி ஒரு சங்கேத மொழியில் பேசிக்கொண்டார்கள். யார் உயிரோடு இருக்கிறார், எதை ஒத்துக்கொள்ளக் கூடாது என்று அந்தச் சுவர் வழியாகத்தான் முடிவு செய்தார்கள். அவருடைய ஸ்டோயிசத்தில் பக்கத்து அறை இருந்தது. என் தம்பியின் ஸ்டோயிசத்தில் பக்கத்து அறை இல்லை. அவனோடு அதே வாரம் அதே மாடியில் இன்னும் எத்தனை பேர் கையெழுத்துப் போட்டார்கள் என்று அவனுக்குத் தெரியாது. ஒவ்வொருவரும் தனித்தனியாக, கண்ணியமாக, கலங்காமல் லிஃப்டில் இறங்கிப் போயிருக்கிறார்கள்.

இரண்டாம் நூற்றாண்டு ஸ்டோயிக் ஹிரோக்ளிஸ் ஒரு பயிற்சி சொன்னார். நம்மைச் சுற்றி வட்டங்கள் இருக்கின்றன: நான், குடும்பம், உறவு, ஊர், நாடு, மனித குலம். வெளிவட்டத்தில் இருப்பவர்களை ஒரு வட்டம் உள்ளே இழுத்துக்கொண்டே வா. அதற்கு அவர் சொன்ன உபாயம் சொற்களில் இருக்கிறது. ஒன்றுவிட்ட உறவைச் சகோதரன் என்று கூப்பிடு, மாமன் அத்தைமாரைத் தாய் தகப்பன் என்று கூப்பிடு. படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பெரியப்பா, சித்தப்பா, பெரியம்மா, சின்னம்மா. சித்தப்பா மகனைத் தம்பி என்பதைத் தவிர வேறு எப்படிக் கூப்பிடுவது? கிரேக்கன் பயிற்சி எடுக்க வேண்டிய விஷயம் நம் பேச்சில் ஏற்கெனவே கிடக்கிறது. நமக்கு விற்கப்படும் வட்டம் இதற்கு நேர் எதிர்த்திசையில் சுருங்குகிறது. கடைசியில் உள்ளே ஒரு ஆள், அவன் கைப்பேசி.

புறநானூற்றின் 192ஆவது பாடலை நாம் முதல் அடியோடு நிறுத்திவிடுகிறோம். கணியன் பூங்குன்றன் அதற்கு மேல் வாதம் செய்கிறார். வாழ்வை இனிது என்று கொண்டாடுவதும் இல்லை, வெறுப்பில் இன்னாதது என்று ஒதுக்குவதும் இல்லை, ஆற்றோடு போகும் புணை போல உயிர் போகிறது என்கிறார். அசல் ஸ்டோயிக் பேச்சு. ஆனால் முடிவைப் பாருங்கள். ஆகவே நான் அமைதியாக இருக்கிறேன் என்று அவர் முடிக்கவில்லை. ஆகவே பெரியவர்களைக் கண்டு வியப்பதில்லை, சிறியவர்களை இகழ்வது அதைவிடவும் இல்லை என்று முடிக்கிறார். மனநிலையில் தொடங்கிய பாட்டு மரியாதையில் போய் நிற்கிறது. வென்றவனும் தோற்றவனும் ஒரே ஆற்றில் மிதக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டால், வென்றவன் முன் குனியவும் வேண்டாம், தோற்றவனை லிஃப்டில் தனியாக இறக்கிவிடவும் வேண்டாம்.

அடுத்த முறை யாராவது உங்களிடம் கலங்காதே என்று சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். நான் கலங்காமல் இருந்தால் யாருக்கு லாபம்? இதை நீங்கள் உங்களுக்கும் சொல்லிக்கொள்கிறீர்களா? என்னைப் போலவே இன்னும் எத்தனை பேருக்கு இது நடந்தது? மூன்றாவது கேள்விக்குப் பதில் ஒன்றுக்கு மேல் இருந்தால், அமைதியாக, குரல் நடுங்காமல், அவர்களுக்குப் போன் போடுங்கள்.